வண்டியை எங்கே நிறுத்துவது?

(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவில் இருக்கிறாயே, ஏதாவது பயனுள்ளதாகப் பேசு" என்றார் நம் செயலாளர். எனக்குத் தெரிந்த பயனுள்ள விஷயம் ஒன்றுதான்: மலைப்பாதைக்குப் போகிறவன் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பது. சிரிக்காதீங்க, பட்டுத் தெரிந்துகொண்டது!

2014 மே மாதம். என் ஹாஸ்டல் அறைத் தோழனும் நானும் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். பள்ளத்தாக்கின் அடியில் ஓர் இரவு கூடாரத்தில் தங்க, நாலு மாதம் முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருந்தோம். சவுத் கைபாப் பாதையில் 11 கிலோமீட்டர் இறக்கம். மறுநாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் 15 கிலோமீட்டர் ஏற்றம். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே தலைகீழ். களைத்த பிறகுதான் ஏற்றமே!

சவுத் கைபாப் பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்த வண்டி போகக் கூடாது. பூங்காவின் இலவச பஸ்தான். விவரம் தெரிந்தவர்கள் பிரைட் ஏஞ்சல் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, விடியற்காலையில் பஸ் பிடித்து கைபாப் போவார்கள். நான்தான் மேதாவி ஆச்சே! "பஸ்ஸுக்கு எவன் காத்திருப்பான்?" என்று கைபாப் பக்கமே, பெரிய சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்தோம்.

மறுநாள் மேலே வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நண்பனுக்கு முட்டி வீங்கி, நிற்க முடியவில்லை. அடியிலே வேர்த்துக் கொட்டியது. 6,800 அடி உயர விளிம்பிலோ நடுக்கும் குளிர். நனைந்த சட்டையோடு பல் தந்தியடித்தது. கம்பளிச் சட்டை, சாப்பாடு எல்லாம் வண்டியில். வண்டியோ பல கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸும் நின்றுவிட்டது.

யாரோ ஒரு பெரியவர் அவனைத் தம் காரில் உட்கார வைத்து, ஹீட்டரைப் போட்டு, எங்களை வண்டி வரை கொண்டு விட்டார். "இறங்கும் இடத்தில் இல்லை தம்பி, ஏறி வரும் இடத்தில் வண்டி நிற்கணும்" என்றார். பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

தம்பி தங்கைகளே, புறப்படும்போது எல்லாருக்கும் தெம்பு இருக்கும். திரும்பும்போது இருக்கப்போகும் உடம்பை நினைத்துத் திட்டம் போடுங்கள்.

அந்த நண்பன் இதோ மூன்றாவது வரிசையில் சிரிக்கிறான். இன்று காலை என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "டேய், வண்டியை எங்கேடா நிறுத்தியிருக்கே?"