உபாத்தியாயரும் மனிதரே

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களான பெற்றோர்களிடையே பேசியது)



மாதா, பிதா, குரு, தெய்வமென்று உபாத்தியாயரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். இதனால் அவருக்கு என்ன லாபம்? தெய்வத்துக்குக் களைப்பில்லை, கவலையில்லை. ஆகையால் குருவுக்கும் இல்லையென்று முடிவு கட்டிவிட்டோம். அவ்வளவுதான்!

அவர் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால் "கிரகம் சரியில்லை" என்கிறோம். மனம் தளர்ந்தால் மந்திரிக்கச் சொல்லுகிறோம். காரணத்தை மட்டும் தேடுவதில்லை. தறியில் பாவு இழை அறுந்தால் தறியை உதைப்பீர்களா? இழுப்பு அதிகமா, பட்டு நைந்ததா என்று பார்த்தல்லவா முடிச்சுப் போடுகிறீர்கள்? அந்த விசாரணை மனிதனுக்கு வேண்டாமா?

2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்தது. மிகவும் நியாயம். அதே சட்டம், ஆரம்ப வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர் வேண்டுமென்கிறது. ஜனக்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர, படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அவரை இழுக்கக்கூடாதென்று 27-வது பிரிவு சொல்லுகிறது. பிரம்பைப் பிடுங்கியது நமக்கு நினைவிருக்கிறது. மற்றவற்றை நாம் கேட்டோமா?

மேலதிகாரி உபாத்தியாயரை மிரட்ட, அவர் பிள்ளையை மிரட்ட, பிள்ளை தம்பியை மிரட்டுவதென்றால் இதுவும் ஒரு வருணாசிரமந்தானே?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். அங்கே போய் அவர் காலில் விழாதீர்கள், "உமக்கென்ன குறை?" என்று கேளுங்கள். மனநோய்க்கு வைத்தியரிடம் போவது வெட்கமல்ல, அறிவு என்று சொல்லுங்கள். மானத்தோடு வேலைசெய்ய விடப்படாத உபாத்தியாயர், நம் பிள்ளைகளுக்கு மானத்தை எங்கிருந்து கொடுப்பார்?