கருப்பைக்குள் ஒரு தழும்பு



கரு கலைந்தபின் எச்சம் தங்கினாலோ, பிரசவத்தில் நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே நின்றுவிட்டாலோ, "க்ளீன் பண்ணணும்" என்பார்கள். கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி முறை அது. பெரும்பாலான பெண்கள் சீக்கிரமே தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் அதன்பின் மாதவிடாய் வெகுவாகக் குறைகிறது, அல்லது அடியோடு நின்றுவிடுகிறது. கருவும் தங்குவதில்லை. ஹார்மோன் பரிசோதனை எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். கோளாறு இருப்பது கருப்பையின் உட்சுவரில்.

மாதந்தோறும் உதிர்வது அந்தச் சுவரின் மேலடுக்கு. அதை மறுபடி வளர்ப்பது, உதிராமல் நிற்கும் அடியடுக்கு. கிள்ளிய கீரை துளிர்க்கும். வேரோடு பிடுங்கியது துளிர்க்காது. சுரண்டும் கருவி அடியடுக்கு வரை போய்விட்டால் அங்கே தழும்பு விழுகிறது, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. 1948-இல் இதை விவரித்த ஜோசப் ஆஷர்மனின் பெயராலேயே இது அறியப்படுகிறது. நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் இப்படித் தழும்பை உண்டாக்குவதுண்டு.

ஹிஸ்டெரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி ஒட்டல்களை வெட்டிவிட்டு, சுவர் மறுபடி வளர ஈஸ்ட்ரோஜன் கொடுப்பார்கள். லேசான தழும்புக்கு இது நல்ல பலன் தருகிறது. கடுமையான தழும்பென்றால் சுவர்கள் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். பிரித்து வைத்தாலும் வளர அடியடுக்கு வேண்டுமே!

இங்கேதான், எலும்பு மஜ்ஜை போன்றவற்றில் இருந்து புதிய திசுவை வளர்க்கவல்ல ஸ்டெம் செல் வருகிறது. பிறருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்ற பெண்களின் கருப்பைச் சுவரில், கொடையாளியின் செல்கள் இருப்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஹியூ டெய்லர் 2004-இல் காட்டினார். 2011-இல் அகமதாபாத் மருத்துவர்கள், ஒரு பெண்ணின் மஜ்ஜை செல்களையே அவர் கருப்பையில் வைத்தார்கள், ஐ.வி.எஃப். மூலம் அவர் கருவுற்றார். 2016-இல் ஸ்பெயினில் 16 பெண்களுக்கு, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக அவரவர் செல்களைச் செலுத்தினார்கள். சீனாவின் நான்ஜிங்கில் தொப்புள்கொடி செல்களைக் கொலாஜன் விரிப்பில் ஏற்றிக் கருப்பைக்குள் வைத்தபோது, 26 பெண்களில் 10 பேர் கருத்தரித்தார்கள்.

மனம் நெகிழும் செய்திதான். ஆனால் செல் பெறாத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அல்ல இவை. பலன் செல்லால் வந்ததா, ஒட்டலைக் கவனமாகப் பிரித்ததால் வந்ததா என்பதை இவற்றைக் கொண்டு தீர்த்துச் சொல்ல முடியாது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். முறையான ஆய்வில் நோயாளியிடம் அதற்குப் பணம் கேட்கக் கூடாது. நகையை அடகு வைத்துக் கட்டச் சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணின் கண்ணீரைக் காசாக்குவது எனக்குப் பொறுக்கவே இல்லை.

தழும்பு விழாமல் காப்பது இதைவிட எளிது. கூர்கருவியால் சுரண்டுவதை விட்டு, உறிஞ்சி எடுக்கும் முறையைக் கையாளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நேரங்களில் மாத்திரையே போதும். "எந்த முறையில செய்யப் போறீங்க, டாக்டர்?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சுத்தம் செய்தபிறகு மாதவிடாய் குறைந்தால் தள்ளிப்போடாமல் ஹிஸ்டெரோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவரிடம் போங்கள்.

தழும்புக்குச் சிகிச்சை பெற்றுக் கருவுற்றவர்கள் அதை முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நஞ்சுக்கொடி சுவரோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயம் இவர்களுக்கு அதிகம் என்பதால், ரத்த வங்கியும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதே பாதுகாப்பு.