சதுரங்கமும் கணக்கிடும் ஆற்றலும்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வி, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு, சமுதாய முன்னேற்றம் எனப் பல பொருள்கள் குறித்து அறிஞர் பெருமக்கள் பேசவிருக்கின்றனர். அவற்றினிடையே, சதுரங்க விளையாட்டில் கணக்கிடும் ஆற்றலை வளர்த்துக்கொள்வது எப்படி என்னும் பொருளை எமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இத்தகைய விழாவில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், இப்பொருளைக் கொடுத்தவர்கள் அறிந்தே கொடுத்திருக்கிறார்கள் என்பது எம் துணிபு.

தாமிரபரணிக் கரையில், பாபநாசம் தொடங்கித் திருவைகுண்டத்திற்கும் அப்பால், காரும் பிசானமும் என இருபோகம் விளைந்த வயல்களில் நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் நம் முன்னோர். களத்தில் நெல்லை அளந்தவரும் ஏட்டில் கணக்கு எழுதியவரும் வேறு ஆட்கள். ஒருவர் உழைக்க, மற்றொருவர் கணக்கிட வேண்டும் என்று வகுத்து வைத்த ஏற்பாட்டிலிருந்துதான், 'உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்னும் பேச்சும் பிறந்தது. விளையாட்டுத் துறையிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். ஒடுக்கப்பட்ட வகுப்பில் தோன்றிய பல்வங்கர் பாலூ, 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளராக விளங்கினார். அவருடைய கையின் திறமையை எல்லோரும் ஏற்றனர். அணித் தலைமையைத் தருவதற்கு மட்டும் மனம் வரவில்லை. அவருடைய தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானது 1923-இல். தலைமைக்கு வேண்டியது சிந்தனை, அது உங்களுக்கு ஏது என்பதே அந்தத் தயக்கத்தின் உட்பொருள். சதுரங்கமோ முழுக்க முழுக்கச் சிந்தனையால் ஆடப்படுவது. ஆகவே, அந்தப் பலகையின் முன் நம் பிள்ளைகள் அமர்வதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் யாம் கருதவில்லை.

கணக்கிடும் ஆற்றல் பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம். ஆலந்து நாட்டு உளவியலறிஞர் ஆத்ரியான் டி குரூட் 1946-இல் வெளியிட்ட ஆய்வில், வல்லுநர்களையும் அவர்களினும் குறைந்த நிலையினரையும் ஒரே ஆட்ட நிலையைச் சிந்திக்கச் செய்தார். வல்லுநர்கள் மிக அதிகமான நடைகளை முன்கூட்டிக் கண்டார்கள் என்று கூற முடியவில்லை. நல்ல நடைகளையே தேர்ந்து ஆராய்ந்தார்கள். பின்னர், 1973-இல் அமெரிக்க அறிஞர்களான வில்லியம் சேசும் ஹெர்பர்ட் சைமனும் வேறொரு சோதனை செய்தனர். உண்மையான ஆட்டத்தின் நிலை ஒன்றை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டால், வல்லுநர் பெரும்பாலான காய்களை மீண்டும் அவ்விடங்களில் வைத்துவிடுகிறார். புதிதாக ஆடுபவர் நாலைந்து காய்களோடு நின்றுவிடுகிறார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினாலோ வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது! பிறவி நினைவாற்றல்தான் காரணமென்றால், காய்கள் எப்படிக் கிடந்தாலும் அவர் வென்றிருக்க வேண்டுமல்லவா? ஆயிரக்கணக்கான நிலைகளைப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்த பழக்கமே அவருக்கு உதவுகின்றது. பழக்கம் என்றால் அது எவருக்கும் உரியது.

நம் வீடுகளில் அப்பழக்கத்தின் வேர் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்டு ஆடும் ஆடு புலி ஆட்டத்தில், இந்த ஆட்டைக் கொடுத்தால் புலி எங்கே தாவும், தாவிய பின் அதன் வழியை எந்த ஆட்டால் அடைப்பது என்று பார்த்த சிறுவன் இரண்டு மூன்று நடைகளை மனத்திலேயே ஆடிப் பார்த்துவிட்டான். பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியில், எந்தக் குழியில் அள்ளினால் கடைசி முத்து எங்கே போய் விழும் என்று விரலை நீட்டாமல் எண்ணிப் பார்க்கும் சிறுமி செய்வதும் அதுவே. பல்லாங்குழியில் தேர்ந்த அக்காமார் எத்தனையோ பேர் இங்கு இருக்க, சதுரங்க வகுப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் ஏன் தயங்குகிறீர்கள் என்று யாம் கேட்க விரும்புகிறோம். அங்கேரியில் போல்கார் உடன்பிறந்தார் மூவரையும் தந்தையார் சிறு வயது முதலே சதுரங்கத்தில் பழக்கினார்; இளையவரான யூதித் 1991-இல், பதினாறு வயது நிரம்புவதற்குள், கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் சென்னையின் வைஷாலி 2023-இல் அப்பட்டத்தை எய்தினார்.

இனி முறைக்கு வருவோம். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ நீர் பாய்வதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தலைமதகில் திறந்த நீர் கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, மடை மடையாகப் பாய்ந்து, இறுதியில் கடைமடையை அடைகின்றது. நீர் பாய்ச்சும் பணியை வழிவழியாகச் செய்தவர்களுள் நம்மவர் பலர். ஒரு வாய்க்காலைப் பாதி பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடி, அதையும் பாதியில் விட்டு மீண்டும் முதல் வாய்க்காலுக்குத் திரும்புபவரால் எந்த வயலும் நனையாது. சதுரங்கத்தில் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் இதுதான். ஒரு நடையைச் சிந்தித்து, அஞ்சி, வேறொன்றுக்குத் தாவி, அதுவும் பிடிக்காமல் முதல் நடைக்கே திரும்பி, நேரம் போய்விட்டதே என்று மூன்றாவதாக ஒன்றை ஆடிவிடுவார்கள். சோவியத்து கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் இக்குறையை நன்கு விளக்கியிருக்கிறார். ஆடத்தக்க நடைகள் எவை என்று முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். பின் ஒவ்வொன்றையும் அதன் முடிவு வரை ஒரே முறை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் நெறி. ஒரே முறை என்பதை அப்படியே கடைப்பிடித்தல் அரிது. வல்லுநரும் சிற்சில வேளை திரும்பிப் பார்க்கத்தான் செய்வர். ஆனால் தொடக்க நிலையில் உள்ள நம் மாணவர்களுக்கு இக்கட்டுப்பாடு மிகுந்த பயன் தரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ரிச்சர்டு ரேட்டி என்னும் செக்கோசுலோவாக்கிய மேதை 1921-இல் அமைத்த புதிர் இது. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை அரசன் எச்-8, வெள்ளைச் சிப்பாய் சி-6. கறுப்பு அரசன் ஏ-6, கறுப்புச் சிப்பாய் எச்-5. வெள்ளை ஆடவேண்டும், தோல்வியைத் தவிர்க்கவேண்டும். கறுப்புச் சிப்பாய் நான்கு நடையில் அரசியாகிவிடும். நேரே துரத்தினால் வெள்ளை அரசன் இரண்டு நடை பின்தங்கிப்போவான். தன் சிப்பாயையாவது காக்கலாம் என்றால், கறுப்பு அரசன் இரண்டே நடையில் அதனை வெட்டிவிடுவான். பார்ப்பவர் எல்லோரும் ஆட்டம் முடிந்தது என்றே சொல்வர்.

வெள்ளை அரசன் மூலைவாட்டில் ஜி-7க்கு வருகிறான். கறுப்புச் சிப்பாய் எச்-4. அரசன் எஃப்-6க்கு வருகிறான். இங்கே வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. சிப்பாய் எச்-3க்கு ஓடினால் அரசன் இ-7. சிப்பாய் எச்-2, வெள்ளைச் சிப்பாய் சி-7. கறுப்பு அரசன் பி-7, வெள்ளை அரசன் டி-7. இருவர்க்கும் அரசி கிடைத்து ஆட்டம் சமன். அவ்வாறன்றிக் கறுப்பு அரசன் பி-6க்கு வந்து சிப்பாயைப் பிடிக்க முற்பட்டால், வெள்ளை அரசன் இ-5க்கு வருகிறான். அவ்விடத்திலிருந்து டி-6க்குச் சென்று தன் சிப்பாயைக் காக்கவும் வழியுண்டு. எஃப்-4க்குச் சென்று எதிரிச் சிப்பாயை மறிக்கவும் வழியுண்டு. கறுப்பு ஒன்றை அடைத்தால் மற்றது திறக்கும். அரசனின் ஒவ்வோர் அடியும் இரண்டு வேலைகளைச் செய்தபடியால் பின்தங்கிய இரண்டு நடைகளும் ஈடாகிவிட்டன. இரண்டு கிளைகளையும் கடைமடை வரை கண்டவருக்கே இவ்வுண்மை புலப்படும்.

காய்களைத் தொடாமல் இத்தனையும் காண்பதற்குப் பலகை மனத்தில் பதிந்திருக்கவேண்டும். அவதானக் கலையில், காயைத் தொடாமல் சதுரங்கம் ஆடுவதும் ஒரு பகுதியாக இருந்து வந்தது நீங்கள் அறிந்ததே. நமக்குத் தெற்கே இடலாக்குடியில் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். அத்துணை உயரம் நமக்கு வேண்டுவதில்லை. எஃப்-6 கறுப்புக் கட்டமா வெள்ளைக் கட்டமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினால் போதும். எழுத்தின் வரிசை எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டுங்கள். இரட்டைப்படை எனில் கறுப்பு. அடுத்து, ஏ-1இல் உள்ள குதிரையை எச்-8க்கு மனத்திலேயே கொண்டுசெல்லுங்கள். ஆறு நடைக்குக் குறையாது. பின்னர் ஓர் ஆட்டத்தின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையின்றி ஐந்து நடை வரை சென்று, காய்கள் நிற்கும் இடங்களை ஏட்டில் எழுதிச் சரிபாருங்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையிலும் இதனைச் செய்யலாம்.

எழுதுதல் என்பதை வற்புறுத்திச் சொல்கிறோம். ஒரு புதிரை எடுத்தால், விடையை முழுவதும் எழுதிய பின்னரே காயைத் தொடவேண்டும். எதிரியின் மிகச் சிறந்த மறுமொழியையும் எழுதவேண்டும். எதிரி நம் விருப்பப்படியே ஆடுவான் என்று எண்ணிக் கணக்கிடுவது பிள்ளைகளின் பெருங்குறை. கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடுவதில் கை விரையுமே ஒழியக் கணக்கு வளராது.

இதற்கெல்லாம் கணினி வேண்டுமே, கட்டணப் பயிற்சி வேண்டுமே என்று பெற்றோர் கவலையுறுதல் இயல்பு. 1929-இல் பஞ்சாப் நிலக்கிழார் ஒருவரின் பரிவாரத்தோடு இங்கிலாந்து சென்ற மீர் சுல்தான்கான், அவ்வாண்டும் 1932, 1933 ஆண்டுகளிலும் பிரித்தானிய வாகையர் ஆனார். ஹேஸ்டிங்சில் 1930-31 போட்டியில் காப்பாபிளாங்காவையே வென்றார். நூலறிவின் துணையால் வந்த வெற்றியன்று அது. நம் காலத்தில், சென்னையின் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை கணினியின் துணையை நாடாது தம் தலையாலேயே கணக்கிடும்படி பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைப் பழக்கினார். வசதி இருந்தும் விலக்கி வைத்தார்கள்! அந்தக் குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், உலக வாகையர் ஆனார். பதினான்காம் ஆட்டத்தில் சீனத்து திங் லிரென் தம் யானையை எஃப்-2க்கு நகர்த்தினார். யானைகளும் மந்திரிகளும் மாற்றிக்கொள்ளப்பட்டால் எஞ்சும் சிப்பாய் ஆட்டத்தில் தோல்வி உறுதி என்பதை அக்கணத்தில் அவர் காணவில்லை, குகேஷ் கண்டார். உலகப் பட்டம் மாறியது, நாம் மேலே பார்த்த ரேட்டியின் புதிரைப் போன்ற ஒரு சிறு கணக்கினால்தான்.

கழக நூலகத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பலகைகளுக்கென ஒதுக்குமாறு நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பலகையும் காயும் நாற்பது பக்க ஏடும் அமைதியும் போதும்.

மாணவர்களுக்கு ஒரு புதிர் கொடுத்து அமர்கிறோம். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ-5, பி-5, சி-5, அரசன் எச்-1. கறுப்புச் சிப்பாய்கள் ஏ-7, பி-7, சி-7, அரசன் எச்-4. வெள்ளை ஆடி வெல்லவேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் ஆட்டைக் கொடுத்து வழியடைத்தவர்களுக்கு முதல் நடை விரைவில் தோன்றும். கறுப்புக்கு உள்ள மறுமொழிகள் அனைத்தையும் எழுதி, காயைத் தொடாமல், அடுத்த ஞாயிறன்று நூலகத்தில் கொடுங்கள்.