"உங்க ஆளுங்க வாங்கலாமே"

(ராசிபுரத்தில் இளைஞர்கள் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக்கடன் வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குக் கடன் கிடைக்கவில்லை. கிடைக்காத கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா சேகோ ஆலையில் மூட்டை தூக்கியவர். எங்களுக்கு இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனையில் ஒரு காலனி வீடு. முதலில் மாடி எடுக்க அதை வைத்துத்தான் கடன் கேட்டேன். நிபந்தனைப் பட்டா, ஈடாக எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, வெளியே ஒரு வீடு பார்ப்போம் என்று கிளம்பினேன்.

பக்கத்தில் ஒரு நகர். 2 வருடம் முன்பு அங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரித்துவிட்டு, வீடு காலியில்லை என்று அனுப்பியிருந்தார்கள். இந்த முறை விற்பனை என்பதாலோ என்னவோ, தரகர் எதையும் கேட்கவில்லை. 2 படுக்கையறை, 28 லட்சம். கட்டியவர் விற்று, வாங்கியவர் 8 மாதத்திலேயே திரும்ப விற்கிறார். அவ்வளவு அவசரம் ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இவை நம் கையிலிருந்துதான் போக வேண்டும். பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துப் போடலாம் என்றார் தரகர். குறைத்தால் கடனும் குறையும், வங்கி பத்திர மதிப்பைத்தானே பார்க்கும்? முழு மதிப்புக்கே போடுங்கள் என்றேன். முன்பணத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் வேண்டும். அம்மாவின் தோட்டிலிருந்து எல்லாம் கணக்கில் வந்தது.

வங்கியின் வழக்கறிஞர் 30 வருட வில்லங்கம் பார்த்தார். சுத்தம். பட்டாவும் சுத்தம். ஆனால் 8 மாதத்தில் கை மாறியது அவருக்கு உறுத்தியிருக்கிறது. மூலப் பத்திரத்தில் 1961-ஆம் வருடக் கிரயம் ஒன்றைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னார். தொலைந்துவிட்டது என்றார் விற்பவர். சார்பதிவகத்தில் மனு போட்டு நானே நகல் வாங்கினேன்.

பழைய பத்திரங்களில் பெயரோடு சாதியும் எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்தவர் எங்கள் சாதி. எழுதி வாங்கியவர் ஆதிக்க சாதி. பணம் கைமாறவில்லை. முன்பு அடமானத்தின் பேரில் வாங்கிய கடன் பாக்கிக்கு நேர் செய்துகொண்டது என்று இருக்கிறது. வழக்கறிஞர் பழைய நிலப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். அதில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'டி.சி. நிபந்தனை' என்று இருந்தது. பஞ்சமி நிலம், தோழர்களே. 80-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் அந்தக் குறிப்பு காணாமல் போய், சாதாரணப் பட்டாவாகிவிட்டது.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையும், 1892-இல் வந்த அரசாணையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிபந்தனைகளை மட்டும் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் 10 வருடம் விற்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம். கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்துதான் அடமானத்தையும் சேர்த்துத் தடுத்திருக்கிறார்கள். தடுத்தும் இங்கே அதுதான் நடந்திருக்கிறது. அடமானத்தில் போன நிலத்தின் மேல் கட்டிய வீட்டை அடமானம் வைத்து வாங்கத்தான் நான் நடையாக நடந்திருக்கிறேன்.

வங்கி கடனை மறுத்தது. மதிப்பீட்டுக்கும் சட்ட ஆய்வுக்கும் கட்டிய பணம் போனது போனதுதான். வழக்கறிஞர் மீது எனக்குக் கோபமில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

4 நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "ஏம்மா, சட்டப்படி உங்க ஆளுங்க வாங்கலாமே! 6 லட்சம் குறைச்சுக்கறோம், வெளியில கடன் பாருங்க." வாடகைக்கு ஆகாத சாதி இப்போது அவர்களுக்குத் தேவைப்படுகிறது. என் சாதிச் சான்றிதழை வைத்து அந்தப் பத்திரத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று கணக்கு. உரிமையில்லாத கையிலிருந்து வாங்கினால் எனக்கு மட்டும் உரிமை எங்கிருந்து வரும்? நிபந்தனையை மீறிய நிலத்தை அரசு மீட்டு, நிலமில்லாத நம் மக்களுக்குத் தர வேண்டும். இதைக் கேட்டுப் போராடித்தான் 1994-இல் காரணை நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், 2 நாள் யோசித்தேன். 6 லட்சம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம்கூட இருந்தது. விற்பவரும் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொண்டவராக இருக்கலாம், அதையும் நினைத்தேன். அப்புறம் அந்த 1961 நகலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எழுதிக் கொடுத்தவர் பெயரைக் கேட்டதும், "நம்ம மேலத்தெரு ஆளுதான்" என்றார். அவருடைய பேரன் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போர் போட வடக்கே போயிருக்கிறான். அப்படி ஒரு நிலம் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். அது வந்ததும் ஆட்சியருக்கு மனு. அதில் கையெழுத்துப் போட மேலத்தெருவில் இதுவரை 11 பேர் இருக்கிறோம். அந்தப் பையன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறானாம்.