முளையைப் பிடுங்க வேண்டாம், ஊற்றைக் காட்டுங்கள்

ஊராட்சி உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே,

கடலில் காற்றாலைகளை நிறுவி மின்சாரம் எடுக்கும் முயற்சியை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தார் தனுஷ்கோடியில் 100 மீட்டர் உயரக் கம்பம் நாட்டிக் காற்றை அளந்ததை உங்களிற் பலர் நேரிலேயே கண்டிருக்கிறீர்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை, தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கும் துறைமுக வசதிக்குமாக ரூ. 7,453 கோடித் திட்டத்துக்கு இசைவளித்தது.

கடலில் பிறக்கும் மின்சாரம் கேபிள் வழியே கரையேற வேண்டும். எந்தக் கரையில் ஏறுவதாயினும் முதலில் மண்ணாய்வு நடக்கும். கடலடியில் ஒலியலை செலுத்திப் பாறையையும் மணலையும் பிரித்தறிவார்கள். கரையில் துளையிட்டு மண் எடுப்பார்கள். கூம்பு முனைத் தண்டை அழுத்தி மண்ணின் உறுதியை அளப்பார்கள். மண் சூட்டைக் கடத்தும் தன்மையையும் பார்ப்பார்கள். மின்சாரம் ஓடும் கேபிள் சூடேறும். ஈரமண் அச்சூட்டை வாங்கிக் கடத்திவிடும், உலர்மணல் கடத்தாது. நம் மணல்மேடுகளோ கோடையில் வறுத்தெடுத்தவை போலல்லவா கிடக்கின்றன!

இனி நம் ஊற்றுகளைப் பற்றி. இராமேசுவரம் தீவில் கடலுக்கு அருகிலேயே மணலைத் தோண்டினால் நன்னீர் கிடைக்கிறது. கனமான உப்புநீரின்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதே காரணம். ஆழத் துளையிட்டு அடைக்காமல் விட்டால் உப்பு மேலேறக்கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கடலோர ஊரில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினார்கள். ஊற்று எங்கே என்று ஊர்ப் பெண்களைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஊற்று உப்பாயிற்று. அவ்வூர்ப் பெண்கள் நெடுந்தூரம் குடம் சுமந்தார்கள். ஆகவே, அளவை முளையை இரவில் பிடுங்கி எறிகிறவர்களின் அச்சத்தை நாம் இகழமாட்டோம். ஆனால் முளை போனால் ஆய்வு நின்றுவிடாது. உங்களைக் கேளாமல் நடக்கும், அவ்வளவே.

முளையடிப்பவரோடு கூட நடந்து செல்லுங்கள். ஊற்று, ஊருணி, கரைவலை இழுக்குமிடம், கடற்புல் படுகை, 1964 புயலில் கடல் புகுந்த வழி எல்லாவற்றையும் காட்டுங்கள். வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியக் கடற்பூங்கா என்பதை அவர்கள் அறிவார்கள். உங்கள் ஊற்றை அறியமாட்டார்கள். துளையிடுமுன்னும் பின்னும் நீரைச் சோதிக்கக் கேளுங்கள். துளையைக் களிக்குழம்பால் அடைக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். மண்ணெடுக்க இடம் கொடுப்பது நிலத்தைக் கொடுப்பதாகாது. நிலம் வேண்டுமாயின் அதற்கு நடைமுறை வேறு.

அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊற்றுகளின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். அதை நம் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றி, ஆய்வாளர் வரும் நாளில் அவர் கையில் முதல் தாளாகக் கொடுப்போம்.