தங்கூசியும் கழியும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பயனுள்ளதா ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்த பயனுள்ள விஷயம் ஒன்றுதான். அது தூண்டில் போடுவது. சிரிக்காதீர்கள். இந்தப் பேச்சுக்குள் ஐம்பது வருஷக் கடன் ஒன்று இருக்கிறது.

1975ஆம் ஆண்டு. நம் ஊரெல்லாம் அப்போது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993இல்தான். என் அறை நண்பனுக்குச் சொந்த ஊர் அனந்தபுரம். அப்பா கூலி வேலை. தேர்வுக் கட்டணம் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள். கையில் காசு இல்லை. மாசி மாசம், ஏரியில் தண்ணீர் வற்றிப் பெரிய விரால்கள் தாமரைக்கொடி ஓரம் ஒதுங்கும் நேரம். "பெரிய விராலா ரெண்டு கொண்டாந்தா நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்" என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மூங்கில் கழி அவன் வெட்டினான். தங்கூசி வாங்குவது என் பொறுப்பு. கடையில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று இருந்தன. நான் மெல்லியதை வாங்கினேன். மிச்சக் காசில் டீயும் போண்டாவும் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். தவளையைக் கொக்கியில் கோர்த்து இலைமேல் தத்தவிட்டான். தண்ணீர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். கழி வில்லாக வளைந்தது. விரால் கொடிக்குள் புகுந்து ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான், தங்கூசி வெறுமனே மேலே வந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தடவை அவன் தேர்வு எழுதவில்லை. ஒரு வருஷம் போயிற்று.

அன்றிலிருந்து இந்த நூலைப் பற்றி எனக்கு ஒரு வெறி. தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கழியில் உருளை கிடையாது. மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்க வழியில்லை. மொத்த வேகமும் நூலிலும் முடிச்சிலும் வந்து விழும். தாங்கிக்கொள்ள இருப்பது கழியின் நுனி வளைவு மட்டுமே. ஆகவே, உருளை இல்லாத கழிக்குத் தடித்த நூல். நுனி நன்றாக வளையும் மூங்கில்.

என் மகன் வேலை செய்யும் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே 'பாஸ்' என்ற மீனுக்குக் கையகலப் பொய்மீனைக் கட்டி வீசுவதைப் பார்த்தேன். அந்த மீன் நம் ஏரிகளுக்கு உரியதல்ல. நம் கடற்கரைக் கழிமுகத்துக் கொடுவாயைத்தான் இங்கே ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்கிறோம். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி பத்து கிலோவுக்கு மேல் ஒரு பாஸ் பிடித்தார். உலக சாதனை. வீட்டில் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன்தான் அதற்குச் சமமாக வந்தது.

அறுபது கிராம் கனமுள்ள பொய்மீனை மெல்லிய நூலில் கட்டி வீசினால், மீன் கடிக்கும்முன் வீச்சிலேயே நூல் அறுந்து பொய்மீன் பறந்துவிடும். ஆகவே சாதா நைலானில் 20 முதல் 25 பவுண்டு, அதாவது 9 முதல் 11 கிலோ தாங்குவது வேண்டும். பின்னல் நூல் என்றால் 50, 65 பவுண்டு போடுகிறார்கள். அது பலத்துக்கு ஏற்பப் பார்த்தால் மிக மெல்லியது, இழுத்தால் நீளாது, கொடியை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் பாறையில் உரசினால் சீக்கிரம் போய்விடும். நைலான் ரப்பர் போல் நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும்; ஆனால் தண்ணீரில் ஊறினால் பலம் கொஞ்சம் குறையும். பாறை, கல்கட்டு இருக்கும் இடத்தில் நைலான். தாமரை, கோரை இருக்கும் இடத்தில் பின்னல் நூல். இதுதான் கணக்கு.

கழியின் நீளம்? பெரிய பொய்மீனுக்கு ஏழரை முதல் எட்டு அடி. நீளக் கழியின் நுனி வேகமாகச் சுழல்வதால் தூரம் போகும். கொக்கியை ஏற்றும்போது தொய்ந்த நூலை ஒரே இழுப்பில் வாரிக்கொள்ளும். ஆனால் இயற்பியல் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள்: நெம்புகோல் நீண்டால் மீனுக்குத்தான் ஆதாயம், நம் மணிக்கட்டு வலிக்கும். ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்க ஆறரை, ஏழு அடி போதும். கருவேல மரத்தடியில் நின்று வீச ஆறடி. ஒன்று மறக்கக் கூடாது: கார்பன் கழியில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே கழியைத் தூக்கவே தூக்காதீர்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு மேயும் விராலை விட்டுவிடுங்கள். அது காவல் இருக்கிறது, போனால் குஞ்சுகள் அத்தனையும் போயிற்று. அறுந்த நூலைக் கரையில் போடாதீர்கள், பறவையின் காலில் சுற்றும். மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே தூண்டிலோடு போகவே வேண்டாம்.

இப்போது கடனுக்கு வருகிறேன். இந்தப் பேச்சுக்கு அனுமதி கேட்டுப் போன மாதம் நண்பனுக்குப் போன் செய்தேன். டீ, போண்டா கதையை முதல் தடவையாக ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்:

"நூல் அறுந்துச்சுன்னு எவன்டா சொன்னான்? நுனி பன்னி வால் மாதிரி சுருண்டு வந்துச்சே, நீ பாக்கலியா? அறுந்த நூலு நேரா இருக்கும்டா. முடிச்சு நழுவினாதான் சுருளும். முடிச்சு போட்டவன் நான்."

அவனுக்கு அன்றைக்கே தெரியும். நான் நூலைத் திட்டிக்கொண்டிருந்ததால் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறான். நானோ போண்டாவை நினைத்து ஐம்பது வருஷம் கூனிக்குறுகியிருக்கிறேன். ஆகவே கடைசிப் பாடம்: முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலானை இழுத்தால் சூடேறிப் பலம் போகும். இறுக்கிய பிறகு கையால் பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நழுவுவதானால் அங்கேயே நழுவட்டும்.

நண்பன் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மறு வருஷம் எழுதித் தேறி, ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டான். ஆனால் எல்லாருக்கும் அடுத்த வருஷம் கிடைப்பதில்லை. கட்டணம் கட்ட முடியாமல் ஏரிக்கரையில் உட்காரும் பிள்ளை இன்றைக்கும் ஒருவன் இருக்கலாம். அவனுக்காகச் சங்கத்தில் தேர்வுக் கட்டண நிதி ஒன்று தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தொகை என்னுடையது. அன்றைய டீ, போண்டாவுக்கு வட்டியும் முதலுமாக.