குதிகால் நோவு
(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



விடியற்காலையில் பாயை விட்டெழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் குத்துகிறது. பத்தடி நடந்தால் தணிகிறது. நிரை முடிந்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்துகிறது. இதை வாயு என்று சொல்லிப் பூண்டு தின்கிறவர்கள் நம்மில் உண்டு. பூண்டு நல்லதுதான், ஆனால் கோளாறு இருப்பது வயிற்றில் அல்ல.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை அடிப்பாதத்தில் வார் போன்ற நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு அது அப்படி. பெரட்டு முடிந்து, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றும் காலில் அந்தப் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோகிறது. நாற்காலியில் இருக்கும் கிராணிமார்களும் தப்பினோம் என்று எண்ண வேண்டாம். பருத்த உடலும் இறுகிய கெண்டைக்காலும் போதும். தோட்டம் விற்கப்பட்டுப் பிரிக்பீல்ட்சுக்கு வந்து, சிமெண்டுத் தரையில் காவல் நிற்கும் சகோதரர்களும் இதே நோவைத்தான் சொல்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் கலங்க வேண்டாம். நோவே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன? எழுந்து நிற்பதற்கு முன்பே, நோகும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களை முழங்காலை நோக்கிப் பத்து விநாடி இழுத்துப் பிடியுங்கள். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. டென்மார்க்கில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. படிக்கட்டில் விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் மாதத்தில் வெறுமனே இழுத்தவர்களைவிட இவர்களுக்கு நோவு குறைந்திருந்தது. பொறுமை வேண்டும், பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடும். ஊசி உடனே சுகம் தரும், நிலைக்காது. அடிக்கடி போட்டால் பட்டையே அறுந்துபோகவும் கூடும்.

நாம் எடுத்த பாலுக்கு உறவான அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்', வழுக்காது. ஆனால் உள்ளே மெத்தை இல்லை. குதிகாலுக்கு மெத்தென்ற துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலில் ஏறாதீர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஏறிய மறுநாள் காலுக்கு ஓய்வாவது கொடுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் சூட்டு ஒத்தடம் கொடுக்கக் கூடாது. உணர்ச்சியற்ற பாதம் வெந்தாலும் தெரியாது. வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல், இரவிலும் ஓயாத நோவு இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

நோவோடு நொண்டிக்கொண்டு வெட்டுக்குப் போவது வீரமல்ல. 1955ஆம் வருட வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாளும், ஐந்து வருடத்துக்குட்பட்டதற்கு 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டரிடம் சான்று வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.